பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோட்டிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். விலைகள் தோராயம், கடைக்குக் கடை மாறும்.

1. "ரோபோட்டிக்ஸ்னா மனுஷன் மாதிரி நடக்குற பொம்மை செய்யறதா சார்?"

அது கடைசியில் வருவது. இரண்டு காலில் விழாமல் நடக்க வைப்பது இந்தத் துறையிலேயே சிரமமான வேலைகளில் ஒன்று. பள்ளி அளவில் ரோபோ என்றால் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிற எந்தச் சாதனமும்தான்: சுற்றி என்ன நடக்கிறது என்று சென்சார் வழியாக அறிவது, அதை வைத்து முடிவெடுப்பது, மோட்டாரையோ விளக்கையோ இயக்கிச் செய்து முடிப்பது. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். ரிமோட் கார் சேராது. அங்கே முடிவெடுப்பது நம் கைதான்.

2. "எந்த வயசுல சேர்க்கலாம்? எம் பொண்ணு யூகேஜிதான் படிக்கிறா."

யூகேஜி பிள்ளைக்குப் போர்டும் (கட்டளை ஏற்றி ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் பலகை) வேண்டாம், வயரும் வேண்டாம். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ரோபோவாக நிற்க, இன்னொன்று "முன்னாடி 3 அடி, வலப்பக்கம் திரும்பு" என்று கட்டளை சொல்லித் தண்ணீர்க் குடம் வரை கொண்டுபோகட்டும். நாற்காலியில் முட்டும். எந்தக் கட்டளை தப்பு என்று இரண்டும் சண்டை போட்டுத் திருத்தும். 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் மற்றவர்களும் அமெரிக்காவில் உருவாக்கிய லோகோ என்ற கோடிங் மொழியில், தரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமை ரோபோவைப் பிள்ளைகள் ஓட்டியதும் இதே வேலைதான்.

8 வயதிலிருந்து பேட்டரி, பல்பு, சுவிட்ச். அதோடு ஒரு மோட்டார். நம் நாட்டில் வீட்டுப் பொருள்களால் அறிவியல் பொம்மை செய்யச் சொல்லித் தரும் அரவிந்த் குப்தா பள்ளி பள்ளியாகக் கொண்டுபோன எளிய மோட்டார் அது: ஒரு பெரிய செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய செப்புக் கம்பிச் சுருள். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறு முனையில் பாதிப் பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டிய பிள்ளையின் சுருள் இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் விசை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பாதியை விட்டவள் மோட்டார் சுற்றும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அதை எட்டிப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கிற வரை நான் வாய் திறப்பதில்லை. செல் சீக்கிரம் சூடாகும் என்பதால் ஓடவிட்டுப் போய்விடக் கூடாது.

11 வயது வாக்கில் மைக்ரோபிட் என்ற போர்டு, பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கிற துளைப் பலகை). 14-க்கு மேல் ஆர்டுயினோ என்ற இன்னொரு வகை போர்டு, சால்டரிங் (உலோகத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டுவது), எழுதிச் செய்கிற கோடிங். 15 வயதில் புதிதாகச் சேர்கிற பிள்ளையையும் இதே வரிசையில்தான் கூட்டிப்போவேன். அவர்கள் வேகமாகக் கடப்பார்கள், அவ்வளவுதான்.

3. "முதல்ல கோடிங்கா, எலக்ட்ரானிக்ஸா?"

எலக்ட்ரானிக்ஸ். போர்டில் மாட்டிய எல்இடி மினுக்கவில்லை என்றால் தப்பு கோடில் (எழுதிய கட்டளைகளில்) இருக்கலாம், வயரில் இருக்கலாம், எல்இடியிலேயே இருக்கலாம். இதுவரை எதையும் தனியாகச் சோதித்துப் பழகாத பிள்ளைக்கு அங்கே கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகும். அதே எல்இடியைப் பேட்டரியில் நேராக எரிய வைத்துப் பார்த்தவனுக்கு மூன்றில் ஒரு சந்தேகம் உடனே தீரும். கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்குகிற ஸ்க்ராட்ச் மாதிரித் திரையில் மட்டும் ஓடுகிற கோடிங்கை வீட்டில் தனியாகத் தொடங்குவதில் தப்பில்லை.

4. "எம் பையன் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராம இது வருமா?"

வரும். ஓம் விதி அவன் அறிவியல் புத்தகத்திலேயே தமிழில் இருக்கிறது. கோடில் அடிக்கடி வருகிற கட்டளைகள் ஓரிரு டஜன்தான்; பார்த்துப் பார்த்து எழுதினால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். சிக்கல் வருவது பிழைச் செய்தியைப் படிப்பதில். அது எந்த வரியைக் காட்டுகிறது என்ற எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் வருகிற பிழைகளில் பெரும்பாலானவை அந்த வரியிலோ அதற்கு மேல்வரியிலோ விட்டுப்போன அரைப்புள்ளி, மூடாத அடைப்பு, பெரிய எழுத்து சின்ன எழுத்துக் குழப்பம். மீடியம் எதுவானாலும் இந்தப் பிழைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறவைதான்.

5. "கிட் வாங்கணுமா? கடையில 5,000-ங்கறான், இன்னொருத்தன் 15,000-ங்கறான்."

முதலில் வாங்க வேண்டியது மல்டிமீட்டர், அதாவது வோல்ட்டையும் இணைப்பையும் சோதிக்கிற கருவி. 200, 300 ரூபாய் மீட்டரே போதும். பாதிப் பேர் வாங்காமல் விடுவதும் இதைத்தான். அதற்கப்புறம் ஒரு பிரெட்போர்டு, ஜம்பர் வயர் ஒரு கட்டு, பென் செல் ஹோல்டர், 100, 220 ஓம், 1, 2, 10, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறவை), சிவப்பு எல்இடி கைநிறைய, புஷ் பட்டன், எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறுகிற பாகம்), பிசி547 டிரான்சிஸ்டர் (சின்ன மின்னோட்டத்தால் பெரியதைத் திறந்து மூடுகிற பாகம்), சத்தம் எழுப்ப ஒரு பஸ்ஸர். போர்டு இல்லாமல் மொத்தமும் ஆயிரத்துக்குள் முடியும். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் பிள்ளையையும் கூட்டிப்போய் வாங்குங்கள். அங்கே ஒரு சுற்று வந்தாலே பாதிப் பாடம் ஆகிவிடும்.

பெரிய பிராண்டு கிட்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பிள்ளை தொட்டு உடைக்கப் பயப்படுகிற விலை. இன்னொன்று, கம்பெனி நிறுத்திவிட்டால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். 1998-இல் வந்து உலகம் முழுக்கப் பள்ளிகளில் ஓடிய லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸையே 2022-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்திவிட்டார்கள். உதிரியாக வாங்கிய எல்இடி கருகினால் நஷ்டம் ஓரிரு ரூபாய்.

6. "ஆர்டுயினோவா, மைக்ரோபிட்டா? எது பெஸ்ட்?"

பிபிசி முன்னின்று உருவாக்கிய மைக்ரோபிட் 2016-இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அந்த வயதுக்கென்றே செய்தது. 25 எல்இடி, இரண்டு பட்டன், அசைவு சென்சார், திசைகாட்டி எல்லாம் போர்டிலேயே இருக்கும். ஒரு வயர் மாட்டாமலே முதல் நாளே ஏதாவது ஓட்டிக் காட்டிவிடலாம். ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில், டிசைன் படித்த கல்லூரி மாணவர்களுக்காகப் பிறந்தது. அதன் ஊனோ போர்டில் சென்சார் எதுவும் கிடையாது. வயர் செருக 14 டிஜிட்டல் பின் (ஆன், ஆஃப் மட்டும் அறிய), 6 அனலாக் பின் (ஏறி இறங்கும் வோல்ட்டை அளக்க), மிச்சமெல்லாம் நீங்கள் மாட்டுவதுதான். வடிவமைப்பு திறந்தது என்பதால் குளோன் (நகல்) போர்டுகள் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு மைக்ரோபிட், ஒன்பதுக்கு மேல் ஊனோ என்பது என் கணக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஊனோ. ஈஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டு மலிவு, வைஃபையும் உண்டு, ஆனால் முதல் போர்டாக வேண்டாம். அது 3.3 வோல்ட்டில் ஓடுகிறது. ஊனோவுக்கு வாங்கிய ஒலியால் தூரம் அளக்கிற 5 வோல்ட் அல்ட்ராசோனிக் சென்சாரை அப்படியே அதில் மாட்டினால் சென்சாரின் பதில் தருகிற எக்கோ பின்னிலிருந்து 5 வோல்ட் உள்ளே போகும். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரிக்க வேண்டும். அது புரிகிற கட்டத்தில் வாங்கினால் போதும்.

7. "வீட்ல லேப்டாப் இல்ல. மொபைல் போதுமா?"

மைக்ரோபிட்டுக்குப் போதும், அதன் செயலி புளூடூத் வழியாகக் கோடு ஏற்றும். ஊனோவுக்கும் போனில் யூஎஸ்பி சாதனத்தை மாட்டுகிற ஓடிஜி கேபிளில் ஏற்றுகிற செயலிகள் உண்டு, சின்னத் திரையில் பொறுமை வேண்டும். ஆனால் முதல் ஆறு மாதத்துக்குக் கம்ப்யூட்டரே இல்லாமல் செய்ய நிறைய இருக்கிறது.

இருட்டானால் தானாக எரிகிற விளக்கு ஒன்று. பிசி547-இன் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 3 பென் செல், அதாவது 4.5 வோல்ட். பிளஸ்ஸிலிருந்து 100 கிலோ ஓம் பேஸுக்கு, பேஸிலிருந்து எல்டிஆர் மைனஸுக்கு, பிளஸ்ஸிலிருந்து 220 ஓமும் சிவப்பு எல்இடியும் வரிசையாகக் கலெக்டருக்கு, எமிட்டர் மைனஸுக்கு. எல்டிஆரைக் கையால் மூடினால் எல்இடி எரியும். முதல் கேள்வியில் சொன்ன அறிவது, முடிவெடுப்பது, செய்வது மூன்றும் இதில் இருக்கிறது, ஒரு வரி கோடு இல்லாமல். ரெசிஸ்டரையும் எல்டிஆரையும் இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

8. "கரண்ட் அடிக்குமா சார்? பயமா இருக்கு."

பென் செல்லில் அடிக்காது. 230 வோல்ட்டை என் வகுப்பில் யாரும் தொடுவதில்லை. ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) வைத்து வீட்டு ஃபேனை ஓட்டுகிற புராஜெக்ட் எத்தனை பேர் கேட்டாலும் 12 வோல்ட் பல்பில்தான் செய்து காட்டுவேன்.

உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, பட்டன் செல். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு; உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரண்டு, 18650 போன்ற லித்தியம் செல். பிளஸ்ஸும் மைனஸும் ஒரு கம்பியில் தொட்டுவிட்டால் நொடியில் பழுக்கக் காயும், தீப்பிடிக்கவும் கூடும். பாதுகாப்புச் சர்க்யூட்டும் அதற்கென்ற சார்ஜரும் இல்லாமல் பிள்ளை கையில் தர வேண்டாம். சாவிக்கொத்தோடு பையில் போடவே கூடாது. மூன்று, சால்டரிங் அயர்ன். முனை 300 டிகிரிக்கு மேல் இருக்கும். பெரியவர் பக்கத்தில், ஜன்னல் திறந்து, கண்ணாடி போட்டு. ஈயம் கலந்த சால்டர் என்றால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பஜ்ஜியைத் தொட வேண்டும்.

9. "எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன், எல்இடி எரியவே மாட்டேங்குது."

அதிகம் கேட்ட கேள்வி இதுதான். நான் சொல்லித் தருகிற விஷயமும் சுருக்கமாக இதுதான். சரியாக ஓடுகிற சர்க்யூட்டிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது கொஞ்சம். ஓடாத சர்க்யூட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வரும்போது கற்றுக்கொள்வது மறப்பதில்லை. அதனால் அந்த நேரத்தில் சொல்லித் தருகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பிடுங்கிச் சரிசெய்து கொடுத்தால் எல்இடி எரியும், பாடம் அணைந்துவிடும்.

வரிசை இது. மீட்டரை வோல்ட்டில் வைத்துப் பேட்டரியைப் பார். 2 புது பென் செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டணும். அடுத்து பிரெட்போர்டில், எல்இடி நிற்கிற இடத்திலேயே அந்த வோல்ட் வந்து சேர்கிறதா என்று பார். வரவில்லையென்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பீப் சத்தத்துக்கு மாற்றி ஜம்பர் வயர்களைச் சோதி. புது வயரிலேயே உள்ளே அறுந்தது இருக்கும். பெரிய பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்து நீளக் கோடு நடுவில் துண்டாகியிருக்கும், அதையும் பார்.

வோல்ட் வருகிறது, ஆனாலும் எரியவில்லை என்றால் எல்இடியைத் திருப்பிப் போடு, நீளமான கால் பிளஸ் பக்கம். இரண்டு காலும் ஒரே 5 துளை வரிசையில் இருக்கிறதா என்று பார், இருந்தால் எரியாது. கடைசியாக நிறம். சிவப்புக்கு 2 வோல்ட் வாக்கில் போதும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். 2 பென் செல்லில் அவை மங்கும் அல்லது எரியாது. ஐந்தாம் கேள்வியில் சிவப்பு என்று குறிப்பிட்டுச் சொன்னது இதனால்தான்.

10. "அண்ணா, ரெசிஸ்டர் இல்லாமலே எரியுதே, அப்புறம் அது எதுக்கு?"

நல்ல கேள்வி, கேட்டது ஏழாம் வகுப்பு. பட்டன் செல்லில் ரெசிஸ்டர் இல்லாமல் எரிவதற்குக் காரணம், அந்தச் செல்லின் உள்ளேயே போதிய மின்தடை இருக்கிறது. ஊனோ பின்னில் அப்படி இல்லை. கணக்கு இது: 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி 2-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 3. அதை 220 ஓமால் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னில் 20 வரை நிம்மதியாக எடுக்கலாம், 40 தாண்டவே கூடாது. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் இந்த எல்லைக்கு மேலே போகும். எல்இடி அன்றைக்கே சாகாமல் இருக்கலாம்; பின் மெல்ல மெல்லப் போகும், ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது.

நம்பாதவர்களுக்கு ஒரு எல்இடியைப் பலி கொடுத்துக் காட்டலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்இடி மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து, 9 வோல்ட்டில் நேராக. சில சமயம் வெடித்துத் தெறிக்கும்.

11. "மோட்டாரை நேரா போர்டுல மாட்டினேன், சுத்தவே இல்ல. 9 வோல்ட் பேட்டரி போட்டாலும் இழுக்க மாட்டேங்குது."

மேலே சொன்ன 20 மில்லி ஆம்பியரை நினைவில் வையுங்கள். மஞ்சள் நிற பிஓ மோட்டார் வண்டியை இழுக்கும்போது சில நூறு மில்லி ஆம்பியர் கேட்கும், சக்கரம் அடைத்து நின்றால் இன்னும் மேலே. போர்டின் வேலை கட்டளை சொல்வதுதான். மோட்டாருக்கான மின்னோட்டத்தைப் பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுக்க நடுவில் டிரைவர் என்ற சின்னச் சர்க்யூட் வேண்டும். கடையில் கேட்டதும் தருவது எல்298என். பழைய வகை, தன்னிடமே 2 வோல்ட் வாக்கில் விழுங்கிவிடும். 6 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்கு 4 தான் போய்ச் சேரும். டிபி6612 வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

செவ்வகமான சின்ன 9 வோல்ட் பேட்டரிக்குள் 6 குட்டிச் செல்கள் அடுக்கியிருக்கும். ஸ்மோக் அலாரம், மல்டிமீட்டர் மாதிரிக் கொஞ்சமாகக் குடிக்கிற சாதனத்துக்கு ஏற்றது. மோட்டார் கேட்கிற அளவுக்குத் தர அதனால் முடியாது, வோல்ட் சரிந்துவிடும். 4 பென் செல் அதைவிட எவ்வளவோ மேல். வண்டி அரை அடி நகர்ந்து, நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்றாலும் காரணம் இதுதான்: மோட்டார் கிளம்புகிற நொடியில் வோல்ட் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது. மோட்டாருக்கு ஒரு பேட்டரி, போர்டுக்கு ஒரு பேட்டரி என்று பிரியுங்கள். இரண்டின் மைனஸையும் ஒரு வயரால் இணைக்க மறந்தால் டிரைவருக்குக் கட்டளையே புரியாது.

12. "வண்டி நேரா போகாம ஒரு பக்கமா இழுக்குது. கோடு தப்பா?"

கோடு சரியாகவே இருக்கலாம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பிஓ மோட்டார்கூட ஒரே வேகத்தில் சுற்றாது. முதலில் வண்டியைத் தூக்கிப் பிடித்து ஓட்டி, சக்கரம் அச்சில் நேராக இருக்கிறதா, முன் சக்கரத்தில் முடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வேகமான பக்கத்தின் பிடபிள்யூஎம் மதிப்பை (கோடில் மோட்டார் வேகத்தைச் சொல்லும் எண்) 255-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இன்றைக்குச் சரியாக வந்த எண், பேட்டரி இறங்கியதும் நாளைக்கு மாறும். இந்த எரிச்சல் முற்றும்போதுதான் என்கோடரைப் பற்றிச் சொல்லித் தருவேன். சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று வண்டி தானே அளந்து தானே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அப்போது பிள்ளைக்கே தோன்றியிருக்கும்.

13. "வீட்ல நல்லா ஓடுச்சு, ஸ்கூல் எக்ஸிபிஷன்ல கவுத்திடுச்சு."

கறுப்புக் கோட்டைப் பின்தொடர்கிற வண்டி என்றால் காரணம் பெரும்பாலும் வெயில். அதன் சென்சார் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. சூரிய ஒளியில் அதே கதிர் ஏராளம். பந்தலுக்குக் கீழே பகல் 11 மணிக்குச் சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். வண்டியின் அடியைச் சுற்றிக் கறுப்பு சார்ட் பேப்பரில் பாவாடை கட்டுங்கள். போன இடத்திலேயே வெள்ளையில் ஒரு அளவு, கறுப்பில் ஒரு அளவு எடுத்து நடு எண்ணைக் கோடில் போடுங்கள். உதாரணத்துக்கு 80-ம் 850-ம் வந்தால் 465.

இன்னொரு காரணம் பஸ் பயணம். ஜம்பர் வயர்கள் குலுங்கிக் கழன்றிருக்கும். ஒன்பதாம் கேள்வியின் வரிசைப்படி சோதியுங்கள். மீட்டரையும் புது செல்களையும் எடுத்துக்கொண்டு போக மறக்காதீர்கள்.

14. "போர்டை கம்ப்யூட்டர்ல மாட்டினா எதுவுமே காட்டல."

கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்கிற கேபிளில் டேட்டா போகாது. குளோன் போர்டு என்றால் சிஹெச்340 டிரைவர் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டியிருக்கும். போர்டு தெரிகிறது, கோடு மட்டும் ஏறவில்லை என்றால் 0, 1 பின்களில் புளூடூத் மாட்யூல் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள். கோடு ஏறுவதும் அதே வழியில்தான்.

15. "சாட்ஜிபிடியே கோடு எழுதித் தருது. எதுக்கு மண்டையை உடைக்கணும்?"

தரட்டும். நான் தடுப்பதில்லை. இரண்டு நிபந்தனைதான். ஏற்றுவதற்கு முன்னால் என்ன நடக்கப்போகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். ஓடிய பிறகு நான் சொல்கிற ஒரு சின்ன மாற்றத்தைத் தானாகச் செய்ய வேண்டும். எல்இடி ஒரு விநாடிக்கு ஒருமுறை மினுக்குகிற கோடில், பட்டனைத் தட்டினதும் பஸ்ஸர் கத்தணும் என்பேன். டிலே (காத்திரு என்ற கட்டளை) போட்டு எழுதிய கோடில் போர்டு அந்த ஒரு விநாடியும் தூங்குகிறது, இடையில் தட்டிய பட்டன் அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்து நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிற மில்லிஸ் கட்டளை பக்கம் போகிற பிள்ளைக்கு யார் எழுதித் தந்தாலும் கவலையில்லை. யூட்யூப் பார்த்து அப்படியே செய்வதற்கும் இதே பதில்.

16. "30 பிள்ளைங்க, 6 போர்டு. எப்படி சார் வகுப்பு எடுக்கிறது?"

மூன்று மூன்று பேராகப் பிரித்தால் 10 குழு. 6 குழு போர்டில், 4 குழு ஏழாம் கேள்வியில் சொன்ன மாதிரிப் போர்டு இல்லாத சர்க்யூட்டில். அடுத்த வகுப்பில் இடம் மாறுவது. குழுவில் ஒருவர் வயர் மாட்டுவார், ஒருவர் கோடு, ஒருவர் மீட்டர் பிடித்துச் சோதிப்பார். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயம் வேலை மாற வேண்டும். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று எந்த வகுப்பிலும் பார்க்கலாம்: பையன்கள் போர்டைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் அழகான கையெழுத்தில் நோட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

டப்பாவின் மூடியில் உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலை ஒட்டுங்கள். முடிந்ததும் எண்ணி வைப்பதும் பிள்ளைகள் வேலை. கெட்டுப்போன எல்இடியையும் அறுந்த வயரையும் மறுபடி டப்பாவிலேயே போடுவது அடுத்த வகுப்புக்குச் செய்கிற துரோகம். அதற்குத் தனி டப்பா.

17. "எங்க ஸ்கூல்ல லேப் இருக்கு, ஆனா பூட்டியே கிடக்கு."

மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் என்ற பள்ளி ஆய்வகத் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை: தொடங்க 10, அடுத்த 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் உரியது. 2025 மத்திய பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப் என்று அறிவித்தார்கள். பணம் வருகிற இடங்களில்கூடப் பூட்டு தொங்குவதற்கு நான் பார்த்த காரணம் பதிவேடு. பொருள் உடைந்தால் கணக்கு எழுத வேண்டியவர் ஆசிரியர். 3டி பிரிண்டரைப் பிள்ளைகள் தொடாமல் காப்பாற்றுவது அவருக்குப் பாதுகாப்பு. எல்இடி, ரெசிஸ்டர், வயர், செல் எல்லாம் சாக்பீஸ் போலத் தீர்ந்துபோகிற பொருள் என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பாதிப் பூட்டு திறந்துவிடும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல் செய்முறைத் திட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உண்டு. அதன் செய்முறைகளோடு இதைச் சேர்க்கலாம். கேரளத்தில் 2025-26 முதல் பத்தாம் வகுப்பு ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) பாடத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ரோபோட்டிக்ஸை வைத்துவிட்டார்கள். பாடமாக வந்துவிட்டால் டப்பாவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

18. "போட்டிக்கு அனுப்பலாமா? கடையில ரெடிமேடா புராஜெக்ட் கிடைக்குதே."

ரெடிமேடை வாங்கிக் கொடுப்பதற்குப் பதில் அந்தக் காசில் பிள்ளைக்கு நல்ல மீட்டர் வாங்கிக் கொடுங்கள். நடுவராகப் போகிற இடங்களில் நான் கேட்பது ஒன்றுதான்: "இந்த வயரைக் கழற்றினா என்ன ஆகும்?" தானே செய்த பிள்ளை பதில் சொல்வதற்குள் கழற்றியே காட்டிவிடும். மற்றது அப்பாவைத் திரும்பிப் பார்க்கும்.

போட்டிகளில் வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாட் 2004 முதல் நடக்கிறது, 8 வயது முதல் 19 வரை பிரிவுகள் உண்டு. 2016-இல் இறுதிச்சுற்று இந்தியாவில் நடந்தது. ஒரு வருடமாவது தானாகச் செய்து பழகிய பிறகு அனுப்புங்கள்.

19. "இதனால மார்க் வருமா? நீட், ஜேஇஇக்கு உதவுமா?"

நேரடியாக வராது. இயற்பியலில் மின்னோட்டம் வருகிற பாடத்தில் கொஞ்சம் கை கொடுக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் வாரத்துக்கு 2 மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாவிட்டால் ஒதுக்க வேண்டாம், நானே அனுப்பிவைத்துவிடுவேன்.

20. "பழைய டிவி, ரேடியோவைப் பிரிச்சுப் பார்க்கலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

பிரிக்கட்டும், எதை என்பதில்தான் கவனம். குழல் வைத்த பழைய டிவி கூடாது. அதன் படக்குழலில் ஓடும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் கொஞ்சம் தங்கும். மைக்ரோவேவ் அவன் கூடவே கூடாது. அதன் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பாகம்) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும். இன்வெர்ட்டர், யுபிஎஸ், செல்போன் சார்ஜர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஆகியவற்றின் உள்பெட்டியும் இந்தப் பட்டியல்தான். 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக மாற்றி வைக்கிற கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். உப்பிப்போன செல்போன் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே வேண்டாம்.

பென் செல்லில் ஓடிய பொம்மை, ரேடியோ, சுவர்க்கடிகாரம், கீபோர்டு, மவுஸ் எதையும் தாராளமாகப் பிரிக்கலாம். டிவிடி பிளேயரில் பவர் சப்ளை பலகையைப் பெரியவர் முதலில் எடுத்துவிட்டால் உள்ளே இரண்டு மூன்று சின்ன மோட்டார்கள் கிடைக்கும். காயலான் கடையில் பழைய இங்க்ஜெட் பிரிண்டர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதிலும் பவர் சப்ளையைப் பெரியவர் முதலில் எடுத்துவிட வேண்டும். மிச்சத்தில் வழவழப்பான இரும்புத் தண்டு, பல் பெல்ட், நல்ல மோட்டார், பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கிற சென்சார், கைநிறைய ஸ்க்ரூ எல்லாம் இருக்கும். ஸ்க்ரூவையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், அடுத்த வண்டிக்கு ஆகும்.